பச்சை விழுந்த கல்லி

மாமனாரைத் துடைத்துவிட ஒரு ஹண்டா, அதாவது ஒரு பெரிய குடம், தண்ணீர் வேண்டும். படுக்கைத் துணியை அலச இன்னொரு ஹண்டா. இதில் எப்படியாவது அரை ஹண்டா மிச்சம் பிடிக்கலாமா என்று அமலா பார்க்காத வழியில்லை. முடியவில்லை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன மனிதரிடம், இன்றைக்குக் கொஞ்சம் சிக்கனமாக இருங்கள் மாமா என்றா சொல்வது? வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தவரைக்கும் சட்டை மடிப்புக் கலையாமல் போய்வந்தவர் பக்தவத்சலம். இப்போது துணி நனைந்தால் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடப்பார். அவர் அப்படிக் கிடந்தாலே அமலாவுக்கு விஷயம் புரிந்துவிடும். அவளும் பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு வருவாள்.

பாரக் கல்லி என்பது கட்கியில் ரயில்வே லைனுக்கும் பழைய ராணுவக் குடியிருப்பின் சுவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கிற சந்து. வெள்ளைக்காரன் காலத்தில் குண்டு செய்ய ஆள் வேண்டும் என்று ஆற்காடு, ஆரணி, குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய சனங்களின் பேரன் பேத்திகள்தான் இன்னும் அங்கே இருக்கிறார்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலில் மராட்டி, கடைக்குப் போனால் இந்தி. தண்ணீர்ச் சண்டை மட்டும் மூன்றிலும் நடக்கும். ராணுவக் குடியிருப்புக்கான பெரிய குழாய், அதில் கல்லிக்காரர்கள் குடம் வைக்கக் கூடாது, கல்லி முனை வரைக்கும் வந்து நின்றுபோனது. அதற்கு மேல் இருக்கிற நிலம் யாருடையது என்று இரண்டு ஆபீஸ்கள் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்ததில், ஒரு தலைமுறை டேங்கர் லாரிக்குப் பின்னாலேயே ஓடி முடித்துவிட்டது. பக்தவத்சலம் ஓய்வுபெற்ற நாளிலிருந்து இதற்காகவே அலைந்தார். அவர் விழுந்த பிறகு மகன் சபரி, அமலாவின் புருஷன், அலைந்தான். ஒருவழியாக, இந்த வருஷத்துத் திட்டத்தில் பாரக் கல்லிக்குக் குழாய் உண்டு என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கல்லி இந்தக் கோடையை ஓட்டிக்கொண்டிருந்தது.

அமலாவுக்குக் கல்லியில் ‘சர்க்கார் டீச்சர்’ என்று பேர். பாதிதான் உண்மை. ஔந்த் பக்கத்தில் ஒரு பயிற்சி மையம். அதில் ஒப்பந்தச் சம்பளத்துக்கு வகுப்பெடுக்கிறாள். பிள்ளைகளுக்கு அல்ல, அதிகாரிகளுக்கு. தேசத்துக்கென்று பதினேழு வளர்ச்சி இலக்குகள் இருக்கின்றன. இரண்டாயிரத்து முப்பதுக்குள் எட்டியாக வேண்டும். பசி கூடாது, வறுமை கூடாது, ஆறாவது இலக்கு தண்ணீரும் கழிப்பறையும். இதற்கெல்லாம் ஊர் வாரியாகத் திட்டம் போடுவது எப்படி, எவ்வளவு எட்டினோம் என்று வருஷா வருஷம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி என்று மாவட்டங்களிலிருந்து வருகிற அதிகாரிகளுக்கு அவள் சொல்லிக்கொடுக்க வேண்டும். எட்டாத இலக்கு சிவப்பாக நிற்கும், பாதி வழி வந்தால் மஞ்சள், எட்டிவிட்டால் பச்சை. வருகிற அதிகாரிகளில் பாதிப் பேருக்கு ஏசி அறையில் கண் சொக்கும். மீதிப் பேர் லக்ஷ்மி ரோட்டில் சேலைக்கடை எத்தனை மணிக்கு மூடுவான் என்று விசாரிப்பார்கள். பாவம், அவர்களையும் சொல்லிக் குற்றமில்லை. ஊரில் அவரவருக்கு ஆயிரம் வேலை.

தூங்குகிறவர்களை எழுப்பி அனுப்ப அமலா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வகுப்பின் கடைசி ஒரு மணி நேரம் ‘பச்சை போடுவது’. கம்ப்யூட்டரில் நிஜத் தளம் வேறு, பழகுவதற்கென்று பயிற்சித் தளம் வேறு. பயிற்சித் தளத்தில் ஏதாவது ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு சிவப்பையெல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சையாக்கிக் காட்டுவாள். கடைசிப் பொத்தானை அமுக்கியதும் பெரிய திரை முழுக்கப் பச்சை பரவும். எல்லோரும் கை தட்டுவார்கள். உடனே டீ, சமோசா, சான்றிதழ். அந்த ‘ஏதாவது ஓர் இடம்’ எப்போதும் பாரக் கல்லிதான். எந்த வீட்டில் எத்தனை பேர் என்பது அவளுக்கு மனப்பாடம், தேட வேண்டியதில்லை. அது மட்டுமா காரணம்? மாதத்துக்கு இரண்டு தடவையாவது தன் கல்லியில் வீட்டுக்கு வீடு குழாய் கொட்டுவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஓர் அற்ப சந்தோஷம். ஏட்டுச் சுரைக்காய்தான். இருந்தாலும் பார்க்க நன்றாக இருக்கும்.

பிப்ரவரியில் ஒரு நாள் பயிற்சித் தளம் திறக்கவே இல்லை. அதிகாரிகள் வந்து உட்கார்ந்தாயிற்று. அமலா நிஜத் தளத்தையே திறந்து, எல்லாவற்றையும் நிரப்பிக் காட்டுகிறேன், கடைசிப் பொத்தானை மட்டும் யாரும் அமுக்கிவிடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். அவர்களும் அமுக்கவில்லை. வகுப்பு முடிகிற நேரம், டீ வண்டி வாசலில் சத்தம் போட்டது, அடுத்து கைதட்டல் வர வேண்டிய இடம். அவள் விரல் தானாகப் போய் அமுக்கியது. திரை பச்சையானது, கை தட்டினார்கள், அவளும் சமோசா சாப்பிட்டாள். என்ன நடந்தது என்று அப்போது அவளுக்கு உறைக்கவே இல்லை.

உறைத்தது மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். லாரி வந்து ஜனம் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் ஆபீஸுக்குப் போன சபரி திரும்பி வந்தான். திட்டத்தில் பாரக் கல்லி இல்லையாம். ஏன் இல்லை என்று கேட்டதற்கு, உங்கள் கல்லியில்தான் எல்லா வீட்டிலும் குழாய் வந்துவிட்டதே, கழிப்பறையில்கூடத் தண்ணீர் வருகிறதே, கம்ப்யூட்டர் சொல்கிறது, இன்னும் எதற்குக் குழாய் என்றார்களாம். முதலில் கல்லி சிரித்தது. அப்புறம் கத்தியது. எல்லோரையும்விட அதிகம் கத்தியவள் எதிர்வீட்டு வைஷாலி. கோந்த்வாவில் ஒரு அடுக்குமாடியில் சமையல் வேலைக்குப் போகிறவள், புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களை வளர்க்கிறவள். குழாய் வந்தால் லாரிக்காக வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வர வேண்டாம் என்று ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருந்தவள் அவள்.

“எவனோ நாற்காலில குந்திகினு பச்சைன்னு போட்டுட்டான் பாருக்கா,” என்றாள் அமலாவிடம். “உனுக்குத்தான் கம்ப்யூட்டர்லாம் தெரியுமே. எவன்னு பாத்து பேர மட்டும் சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்.”

அமலாவுக்குப் பிப்ரவரி வகுப்பு ஞாபகம் வந்தது. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, பாதி நிறைந்த ஹண்டாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் மையத்தில் போய்ப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. பாரக் கல்லி, எல்லா இலக்கும் பச்சை, ஏற்றியது பயிற்சி மையம். அன்றைக்கு எப்படி வகுப்பெடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

சபரி ரஞ்சன்காவில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறான். கம்பெனி பஸ்ஸில் போய்ச் சேரவே உடம்பு பாதியாகிவிடும். இந்த வருஷம் வாரத்தில் பாதி நாள் வேலை இல்லையென்று வீட்டிலேயே இருக்கச் சொல்கிறார்கள். அவள் மையத்திலிருந்து வந்தபோது அவன் அப்பாவுக்கு ரசம் சோற்றை மசித்து ஊட்டி முடித்துவிட்டுத் தன் தட்டைப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் புடவைகூட மாற்றவில்லை.

“நான்தாங்க அது,” என்றாள்.

“எது?”

“பச்சை போட்டது.”

சபரி கையில் இருந்த உருண்டையை வாயில் போடாமல் அவளைப் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பயிற்சித் தளம், நிஜத் தளம், டீ வண்டி, விரல். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று சிரித்தான். அழுவதற்குத் தெம்பில்லாதவன் சிரிக்கிற சிரிப்பு.

“சொந்தக் காசுல சூனியம் வெச்சிகினியே அமலா. நைனா அலைஞ்ச அலைச்சல் இன்னா, நான் அலைஞ்சது இன்னா. ஒத்த விரல்ல முடிச்சிட்டியே.”

“திருத்திடலாம். நாளைக்கி டைரக்டராண்ட சொல்லப்போறேன்.”

“சொல்லு. ஆனா கல்லில வாயத் தொறக்காத. வைஷாலி உன்ன உரிச்சிடுவா.” கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். “டைரக்டராண்டயும் பாத்து சொல்லு. எங்க கம்பெனி லைன எப்ப மூடுவான்னு அவனுக்கே தெர்ல. உன் வேலயும் போய்ட்ச்சின்னா நைனாவுக்கு மாத்தரை யார் வாங்கறது?”

உள்ளே பக்தவத்சலம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அமலா வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

டைரக்டர் அனந்தராமன் சென்னைக்காரர். பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்று, சும்மா இருக்க முடியாமல் இங்கே வந்து உட்கார்ந்தவர். கெட்ட மனிதர் இல்லை. எதற்கும் கோபப்படமாட்டார், எதற்கும் சந்தோஷப்படவும் மாட்டார். அமலா சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கு ஏப்ரல்லயே தெரியும் அமலா. ஊர்களுக்கெல்லாம் ரேங்க் போட்டு வந்தப்போ பார்த்தேன். நம்ம மையத்துப் பேர் இருந்தது.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே சார்.”

“சொல்லி? ஏறின நம்பர் இறங்காது. சிவப்பு பச்சையாகலாம், பச்சை சிவப்பாக முடியாது. இறக்கப்போனா காரணம் கேக்கும். வெள்ளமா, பூகம்பமான்னு கேக்கும். டீச்சருக்குக் கை தவறிடுத்துன்னு போட அதுல எடமே இல்லை.” ரேங்க் ஏறியதற்கு மேலே யாருக்கோ சால்வை போட்டாகிவிட்டது, இனி அதை யார் உருவுவார்கள் என்றும் சொன்னார்.

வேறு வழியே இல்லையா என்று அவள் கேட்டாள். ஒன்று இருக்கிறது என்றார். வெளி மாவட்டத்து அதிகாரிகள் இரண்டு பேர் நேரில் வந்து பார்த்து, சொன்னது சரியில்லை என்று கையெழுத்துப் போட்டால் நம்பரை இறக்கலாம். வழிகாட்டிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இதுவரை ஒருவரும் போட்டதில்லை. இன்றைக்கு இவன் இங்கே வந்து போட்டால், நாளைக்கு இங்கேயிருந்து ஒருவன் இவன் ஊரைப் பார்க்கப் போவானே!

பிறகு ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அடுத்த அணிக்குக் களப் பயணம் எங்கே என்று மேலிடத்திலிருந்து வந்திருந்தது. நூற்றுக்கு நூறு வாங்கிய இடத்தை அதிகாரிகள் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். பாரக் கல்லி, கட்கி.

“யாரும் வீட்டுக்குள்ள போய்ப் பார்க்கப்போறதில்லை. முனையில குழாய் இருக்கோல்லியோ, அங்கயே நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துண்டு வந்துடுங்க. நீங்க வேற ஏதாவது பண்ணினாலும் நான் தடுக்கப்போறதில்லை. ஆனா சிவப்பு விழுந்தா நமக்கு அடுத்த ஒப்பந்தம் வராது. மொதல்ல உங்களைத்தான் போகச் சொல்வா. அப்புறம் என்னை.”

அதிகாரிகள் வருகிறார்கள் என்கிற செய்தி கல்லிக்கு எப்படிப் போயிற்றோ, அவள் வீடு திரும்புவதற்கு முன்னால் அது வந்து உட்கார்ந்திருந்தது. வேறு உருவத்தில் வந்திருந்தது. தண்ணீர் இல்லாத கொடுமையைப் பார்க்கத்தான் அதிகாரிகள் வருகிறார்கள், டீச்சர்தான் பேசி வரவழைத்திருக்கிறாள், பார்த்ததும் குழாய்க்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று. வைஷாலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லாட்டி நாங்க இன்னா பண்ணுவோம்க்கா என்றாள். அந்தக் கை அப்படியே வெந்துபோகாதா என்று இருந்தது அமலாவுக்கு. இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.

வருகிறவர்களுக்கு வெறும் டீ கொடுத்து அனுப்பினால் கல்லிக்கு அசிங்கம் என்று முடிவானது. குஷ்கா, கத்தரிக்காய் போட்ட தால்சா, வெங்காயத் தயிர். வைஷாலி வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தானே அடுப்புக்குப் பொறுப்பெடுத்தாள். அரிசி களைய, பாத்திரம் கழுவ, சமைக்க, வந்தவர்கள் கை கழுவ என்று வீட்டுக்கு ஒரு ஹண்டா தண்ணீர் வாங்கிக் கல்லி நடுவில் வரிசையாக வைத்தார்கள். முந்தின நாள் லாரியில் பிடித்தது. மறுபடி லாரி சாயங்காலம்தான். பெண்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அமலா தன் வீட்டு ஹண்டாவையும் கொண்டுபோய் அந்த வரிசையில் வைத்தாள்.

காலையில் பக்தவத்சலத்தைத் துடைத்தபோது அவர் பேச முயன்றார். வார்த்தைகள் கோணலாகத்தான் வரும், பழகியவர்களுக்குப் புரியும்.

“ஆபீஸருங்க... வர்றாங்களாமே.”

“ஆமா மாமா.”

“சட்ட போட்டு வுடு.”

விழுந்ததிலிருந்து அவருக்குச் சட்டை போட்டதில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து, வராத கையை முதலில் நுழைத்து, வருகிற கையைப் பிறகு நுழைத்து, பொத்தான் போட்டு, தலையணை வைத்து வாசல் தெரிகிற மாதிரி உட்கார வைத்தாள். சபரி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் பேசாமல் இரு என்று ராத்திரி முழுக்கச் சொன்னவன், இப்போது அப்பாவின் காலரைச் சரிசெய்துவிட்டு வெளியே போய்விட்டான்.

மினி பஸ் கல்லி முனையில் வந்து நின்றபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அதிகாரிகள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி இறங்கினார்கள். முனைக் குழாயின் முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாயிற்று. ஒருவர் குழாயைத் திறந்து கையை நனைத்துக்கொள்ளக்கூடச் செய்தார். அங்கே தண்ணீர் வரத்தானே செய்யும்! அத்தோடு பஸ் ஏறியிருக்கலாம். அமலாவும் அதைத்தான் நினைத்தாள், பொய் சொல்வானேன். அதற்குள் வைஷாலி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்து, சாப்பாடு தயார், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மராட்டியில் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். தால்சா வாசனை முனை வரைக்கும் வந்திருந்தது. மராத்வாடா பக்கத்திலிருந்து வந்த கேஷவ் என்கிற வயதான தாலுகா அதிகாரிதான் முதலில் நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே பெஞ்சு போட்டிருந்தது. வைஷாலியின் பெண்கள் சொம்பால் ஊற்ற, ஒவ்வொருவராகக் கை கழுவிக்கொண்டார்கள். நகரத்துக் குழாய்க்குப் பழகின கைகள். தேய்த்துத் தேய்த்துக் கழுவின. ஹண்டா ஒவ்வொன்றாகக் காலியாவதைக் கல்லிப் பெண்கள் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். அமலாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

முதலில் மராட்டியில் சொன்னாள். இது நூற்றுக்கு நூறு வாங்கிய இடமில்லை. முனையில் பார்த்த குழாய்க்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு வராது. இப்போது நீங்கள் கை கழுவியது இவர்களுடைய இன்றைய முழுத் தண்ணீர். வகுப்பில் காட்டுவதற்காக நான் போட்ட பச்சை நிஜத் தளத்தில் விழுந்துவிட்டது. அதனால் இந்தக் கல்லிக்கு வர வேண்டிய குழாய் நின்றுவிட்டது. வகுப்பெடுத்துப் பழகிய மொழி, தடங்கலில்லாமல் வந்தது. தமிழில் சொல்லத் திரும்பியபோதுதான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

“வைஷாலி. எவன்னு கேட்டியே. நான்தான்டி.”

வைஷாலி கையில் கரண்டி இருந்தது. வெறித்துப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று கல்லியே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் சாப்பிட உட்கார்ந்தவர்களை எழுப்ப முடியாது என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, குனிந்து அடுத்த தட்டில் குஷ்காவை வைத்தாள். அதற்கப்புறம் அவள் அமலா பக்கம் திரும்பவே இல்லை.

கேஷவ் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு தட்டைக் கீழே வைத்தார்.

“மேடம், நீங்க கை தவறிப் போட்டீங்க. நாங்க தெரிஞ்சேதான் போடறோம்,” என்றார் மராட்டியில். “சாயங்காலத்துக்குள்ள பச்சை வேணும்னு போன் வரும். போட்டுடுவோம். என் தாலுகாவுல பாதி ஊருக்கு மார்ச் மாசமே கிணறு வத்திடும். உங்க திரையில பாருங்க, ஆறு ஓடும். உங்ககிட்ட எத்தனை தடவை பயிற்சிக்கு வந்திருக்கேன்! ஏத்தறதுக்கு நல்லாச் சொல்லிக்கொடுத்தீங்க. இறக்கறதுக்கு ஒரு நாளாவது வகுப்பு எடுத்தீங்களா?”

அமலாவுக்குச் சுருக்கென்றது. எடுத்ததில்லை. அப்படி ஒரு வகுப்பு வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. நின்ற இடத்திலேயே அந்தக் கடைசிப் பக்கத்து விதியைச் சொன்னாள். இரண்டு வெளி மாவட்டக் கையெழுத்து. பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள்.  அதிகாரிகள் அவரவர் தட்டில் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

கேஷவ் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி இடது கையால் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். வைஷாலியின் பெண் தண்ணீரோடு வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டி, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். ஓய்வுபெறப் போகிறவனை எங்கே தூக்கிப் போடுவார்கள், போட்டால் போடட்டும் என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் இல்லை. ஒருவருக்குப் போன் வந்தது. ஒருவர் பஸ் டிரைவர் சாப்பிட்டாரா என்று பார்க்கப் போனார். இது எங்கள் துறையில் வராது என்றார் இன்னொருவர். எல்லோருக்கும் வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கிறது, மாற்றல் பயம் இருக்கிறது. அமலா யாரையும் கெஞ்சவில்லை. கெஞ்சவும் தெம்பில்லை.

அம்ருதா என்று ஓர் இளம் அதிகாரி இருந்தாள். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சாப்பிட்டு முடித்தவள் அமலாவிடம் வந்து மெதுவாக, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். காலையில் ஏறின பஸ். அமலா எந்தப் பக்கம் கைகாட்டுவது என்று தயங்கினாள். வைஷாலிதான் காதில் வாங்கிக்கொண்டு, ஹண்டா வரிசையில் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தாள். எல்லாம் காலி. தன் வீட்டுக்குள் போய் அரை வாளித் தண்ணீரோடு வந்தாள். தன் பெண்கள் சாயங்காலம் முகம் கழுவ வைத்திருந்தது. கல்லியின் கோடியில் இருக்கிற பொதுக் கழிப்பறைக்கு அவளே முன்னால் நடந்து, வாளியை உள்ளே வைத்து, தாழ்ப்பாள் இல்லாத கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது அம்ருதாவின் முகம் வெளுத்திருந்தது. வழியில் திறந்த வாசலுக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கிழவர் இடது கையைத் தூக்கி அவளுக்கு சலாம் வைத்தார். அவள் நின்று பதிலுக்குக் கும்பிட்டாள். பந்தலுக்கு வந்து, வைஷாலி கையில் இருந்த காலி வாளியைப் பார்த்து, இது இனி எப்போது நிறையும் என்று கேட்டாள். சாயங்காலம் லாரி வந்தால், வராவிட்டால் நாளைக்கு என்றாள் வைஷாலி. அம்ருதா பெஞ்சின் பக்கம் போய் கேஷவின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். 

மையத்துக்குத் திரும்பியதும் அனந்தராமன் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். ஒரு பெருமூச்சு விட்டு, அவளை உட்காரச் சொல்லி, தானே கம்ப்யூட்டரில் ஏற்றினார். எங்கெங்கே என்ன போட வேண்டும் என்று அமலாதான் பக்கத்திலிருந்து சொன்னாள். ஆறாவது இலக்கு சிவப்பானது. மற்றதும் ஒவ்வொன்றாக இறங்கின. கல்லி மறுபடி வரிசையில் சேரலாம், மழைக்காலம் முடிந்து திட்டத்தைத் திருத்தும்போது எடுத்துக்கொள்ளலாம், எடுக்காமலும் போகலாம் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஆமாம், ஆமாம், சரி என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் பேசவில்லை.

“திங்கட்கிழமையிலேருந்து வர வேண்டாம்மா,” என்றார் போனை வைத்துவிட்டு. “கடிதம் அப்புறம் வரும்.”

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை, கால்தான் வலித்தது. தொழிற்சாலையின் சைரன் ஊதி ஓய்ந்த நேரத்தில் கல்லிக்குள் நுழைந்தாள். சபரி வாசலில் அப்பாவின் வெள்ளைச் சட்டையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். அப்பாவைத் துடைக்க வீட்டில் ஒரு சொட்டு இல்லை, லாரி வருகிற நேரம் என்று மட்டும் சொல்லி ஹண்டாவை எடுத்துக் கொடுத்தான்.

லாரி வந்தது. வழக்கமான தள்ளுமுள்ளு இல்லை. அமலா போய் நின்றதும் முன்னால் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். யாரும் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. வரிசையின் கடைசியில் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வைஷாலி முன்னாலிருந்து தன் ஹண்டாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். காலியாகத்தான் இருந்தது. அமலாவின் ஹண்டாவுக்குப் பக்கத்தில் அதை ணங்கென்று வைத்தாள்.

“வேல போய்ட்ச்சாமே. உன் வூட்டுக்காரர் சொன்னாரு.”

“ஆமா.”

“நல்லா வேணும் உனுக்கு.”

“ஆமா,” என்றாள் அமலா.

 வைஷாலி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“லாரிக்காக டெய்லி கோந்த்வாலருந்து வேலய பாதில வுட்டுட்டு ஓடியார முடில. நீ இனிமே வூட்லதான கீற. என் ஹண்டாவயும் நீயே ரொப்பி வெச்சுடுக்கா. கொழா வர்ற வரைக்கும்.”